பிரதமருக்குப் போர்த்திய பொன்னாடை

மலேசியாவிலிருந்து வந்த ஒரு தாதிக்குச் சேர வேண்டிய மரியாதையை, பிரதமர் ஒருவர் புகழின் உச்சியில் இருந்தபோது நான் எனக்கென்று எடுத்துக்கொண்டேன். அந்தப் புகழ் இறங்கியதும் அதே மரியாதையைப் பழியாக்கி அந்தத் தாதியிடமே திருப்பிக் கொடுத்தேன். இரண்டாவது தடவை நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதனால்தான் அதைத் தவறென்று ஒப்புக்கொள்ள எனக்கு இவ்வளவு காலம் எடுத்தது.

எந்தப் பிரதமர் என்பதை எழுதப் போவதில்லை. நியூசிலாந்தில் பிரதமர்கள் வருகிறார்கள், கொஞ்சக் காலம் எல்லோருக்கும் பிடித்தவர்களாக இருக்கிறார்கள், பிறகு போகிறார்கள். இந்தக் கதையில் பிரதமர் செய்த பிழை ஒன்றும் இல்லை. பிழை எங்கள் மண்டபத்துக்குள் நடந்தது.

ஒக்லாந்தில் த்ரீ கிங்ஸ் கடைத்தொகுதிக்குப் பக்கத்தில் ஒரு பொது மண்டபம் இருக்கிறது. சனிக்கிழமை காலைகளில் ஓய்வுபெற்ற தமிழர்கள் அங்கே கூடுவோம். யாழ்ப்பாணத்தவர்களும் மன்னார்க் கத்தோலிக்கர்களும் ஒரு பக்கம், மலேசியா, சிங்கப்பூரிலிருந்து வந்தவர்கள் ஒரு பக்கம், தமிழ்நாட்டார் சிலர் எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே. முதலில் கதிரையில் இருந்தபடி உடற்பயிற்சி, பிறகு தேநீர், கடைசியில் ‘நாட்டு நடப்பு’. அந்தக் கடைசிப் பகுதி என்னுடையது. யாழ்ப்பாணத்தில் சரித்திரம் படிப்பித்தவன், இங்கேயும் ஓர் உயர்தரப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வு பெற்றவன். அதனால் எல்லோருக்கும் நான் மாஸ்டர். அந்த வாரத்து ஆங்கிலச் செய்திகளை, கருத்துக் கணிப்புகள் உட்பட, தமிழில் விளக்கிச் சொல்வேன். இந்த முதியோர் வட்டத்தின் செயலாளரும் நான்தான்.

அந்தத் தாதி எங்களைவிட வயதில் இளையவர். மனுகாவில் ஒரு மருத்துவ நிலையத்தில் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தார். கணவர் இறந்துவிட்டார், மகள் மெல்பேர்னில். சனிக்கிழமைகளில் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியோடு வருவார். யாழ்ப்பாணத்தில் தாதிகளை நாங்கள் ‘மிஸி’ என்று கூப்பிடுவோம். அவருக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. “நான் பாட்டியாகப் போறேன், நீங்க இன்னும் மிஸிங்கிறீங்க” என்று சிரிப்பார். யாரைக் கண்டாலும் முதலில் “பசியாறிட்டீங்களா” என்று கேட்பார். என்னை அண்ணே என்றுதான் அழைப்பார்.

அந்தக் காலத்தில் பிரதமரைப் பிடிக்காத தமிழரை ஒக்லாந்தில் நான் சந்திக்கவில்லை. ஆல்பனியில் இருக்கிற என் மகன் வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் பிரதமருடைய படம் ஒட்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் வரைந்தது என்றாள் பேத்தி. காது பெரிதாக இருந்ததைத் தவிர நன்றாகவே வரைந்திருந்தாள். நானும் சனிக்கிழமைகளில் கணிப்பு இலக்கங்களைக் கிரிக்கெட் ஓட்டங்கள் மாதிரி உற்சாகமாக வாசித்தேன். பிரதமர் ஒரு கடையில் வரிசையில் நின்றார், யாரோ கீழே விட்ட குடையை எடுத்துக் கொடுத்தார் என்பதையெல்லாம் செய்தியாகச் சொன்னேன். நாற்பது ஆண்டு சரித்திரம் படிப்பித்தவன் குடையைப் பற்றி இருபது நிமிடம் பேசினேன். ஒருவரும் கொட்டாவி விடவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் பிரதமர் ஒரு நாள் மிஸி வேலை செய்த மருத்துவ நிலையத்தைப் பார்வையிட வந்தார். எல்லோரும் கைகொடுத்துவிட்டு ஒதுங்க, மிஸி மட்டும், “எங்க பெரியவங்கள்லாம் சனிக்கிழமை கூடுவாங்க, ஒரு நாள் வந்து டீ குடிச்சிட்டுப் போங்க” என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டார். கூட வந்த அலுவலர் பெயரைக் குறித்துக்கொண்டார். மிஸி விடவில்லை. பிரதமரின் அலுவலகத்துக்குத் திரும்பத் திரும்ப எழுதினார், தொலைபேசியில் பேசினார். கடைசியில் ஒரு சனிக்கிழமை உறுதியாயிற்று.

எங்கள் வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. விருந்தினருக்கு யார் பொன்னாடை போர்த்துவது என்று தொடக்க நாட்களில் பெரிய சண்டைகள் நடந்தன. ஒருமுறை இரண்டு பேர் இரண்டு பக்கத்திலிருந்தும் போர்த்தி, வந்தவர் மூச்சுத்திணறிப் போனார். அதன் பிறகு, விருந்தினரை யார் பாடுபட்டு அழைத்து வந்தாரோ அவரே போர்த்த வேண்டும் என்று முடிவு செய்தோம். அதை முன்மொழிந்தவன் நான். அதன்படி மிஸி கோலாலம்பூரிலிருந்து அண்ணன் மூலம் ஒரு நல்ல பொன்னாடையை வரவழைத்திருந்தார். மயில்கழுத்து நிறம், பொன் கரை.

அன்று காலை மண்டபம் நிரம்பி வழிந்தது. வழக்கமாக வராத பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வந்திருந்தார்கள். நான் வாசலில் நின்றதால் பிரதமரின் கார் வந்து நின்றதைப் பார்த்தேன். உள்ளே பிரதமர் தலையைப் பின்னால் சாய்த்து, கண்களை மூடிக்கொண்டு இருந்தார். முகத்தில் ஒன்றுமே இல்லை. மிகவும் களைத்த ஒரு மனிதர், அவ்வளவுதான். அலுவலர் கதவைத் திறந்ததும் கண்கள் திறந்தன, நாங்கள் தொலைக்காட்சியில் பார்த்துப் பழகிய அந்தச் சிரிப்பு வந்தது. பொய்ச் சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு உழைப்பு வேண்டியிருந்தது என்பதை அப்போது கண்டேன். கண்டும் எனக்கு உறைக்கவில்லை. பத்திரிகைக்காரரின் கமரா எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேடைக்குப் போகும் முன் மிஸியிடம் சொன்னேன்.

“தங்கச்சி, பிரதமர் எண்டால் ஒரு முறை இருக்குத்தானே. அதிகாரபூர்வமாச் செயலாளர் போர்த்தினால்தான் நல்லது எண்டு நினைக்கிறன்.”

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். “நம்ம வட்டத் தலைவர் சொன்னாரா?”

“தலைவரோட நான் கதைச்சிட்டன்.”

கதைத்திருக்கவில்லை. “சரிண்ணே” என்று மடித்த பொன்னாடையைத் தட்டோடு என் கையில் தந்தார். நான் ஆடையை எடுத்துக்கொண்டு தட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அதனால் படத்தில் பிரதமர் குனிந்து நிற்கிறார், நான் போர்த்துகிறேன், ஓரத்தில் வெறும் தட்டோடு மிஸி நிற்கிறார். சட்டம் போடக் கொடுத்தபோது, படம் நடுவுக்கு வரவில்லை என்று சொல்லி அந்த ஓரத்தை வெட்டச் சொன்னேன்.

அந்தப் படம் மண்டபத்து அறிவிப்புப் பலகைக்கு மேலே தொங்கியது. கோயிலிலும் தேவாலயத்திலும் முன்பின் அறியாதவர்கள், “நீங்கள்தானே பிரதமருக்குப் பொன்னாடை போட்ட மாஸ்டர்?” என்று கேட்டார்கள். “ஓம்” என்றேன். பிரதமரை அழைத்தது எப்படி என்று கேட்டபோது, “கொஞ்சம் பாடுபட்டனாங்கள்” என்றேன். பன்மை எனக்கு வசதியாக இருந்தது.

மக்களின் பிரியம் எப்படிப் போகிறது என்பதைச் சரித்திரத்தில் படித்திருக்கிறேன். ஆனால் அது ஒரு மண்டபத்துக்குள் போவதைக் கூட இருந்து பார்த்தது அப்போதுதான். ஒருவருடைய மகனுக்கு வீட்டுக் கடன் வட்டி ஏறியது. இன்னொருவருடைய மருமகளுக்கு விசா இழுபட்டது. வாடகை எல்லோருக்கும் கூடியது. பிரதமர் அதே மனிதர், அதே சிரிப்பு. முன்பு அன்பென்று சொன்ன சிரிப்பை இப்போது நடிப்பென்றார்கள். நானும் நாட்டு நடப்பில் என் தொனியை மாற்றினேன். கணிப்பு இலக்கம் இறங்க இறங்க என் குரலில் கேலி ஏறியது. எவருக்கும் வழிகாட்டினேன் என்றில்லை. கூட்டம் எந்தப் பக்கம் சாய்கிறதென்று பார்த்து, அதற்கு ஓர் அடி முன்னால் போய் நின்றுகொண்டேன்.

எங்களில் ஒருவர் டெய்ரி வைத்திருந்தார். தெருமுனைச் சிறு கடையை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். யாழ்ப்பாணத்து ஊரெழுப் பக்கத்து மனிதர், பெரிய குரல், நல்ல மனம். ஒரு நாள் விடியற்காலை திருட்டுக் காரொன்றைக் கொண்டுவந்து அவர் கடையின் முகப்பை இடித்து உடைத்தார்கள். தடுக்கப்போன அவருடைய மனைவிக்குக் கை முறிந்தது. அடுத்த சனிக்கிழமை வந்தவர் படத்துக்கு நேரே போய் நின்றார்.

“உந்தப் படத்தைக் கழட்டுங்கோ. என்ரை மனுசி மாக்கட்டோட இருக்கிறா, இஞ்ச பொன்னாடை ஒரு கேடு. ஆர் உவரை இஞ்ச கூப்பிட்டது?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் படத்தைக் கழற்றி அலமாரியில் வைத்தேன். வீட்டுக்குப் போய், வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் இப்படி எழுதினேன்: ‘பிரதமரை அழைத்தது வட்டத்தின் தீர்மானம் அல்ல. அது எங்கள் மிஸியின் தனிப்பட்ட முயற்சி. செயலாளர் என்ற முறையில் நான் மரியாதைக்குப் பொன்னாடை போர்த்தினேன்.’

ஒவ்வொரு வசனமும் உண்மை. பிரதமருக்குப் புகழ் இருந்தபோது இதே உண்மையை அறிவிக்க எனக்கு எத்தனையோ சனிக்கிழமைகள் இருந்தன.

அடுத்த வாரம் மிஸி கருவியோடு வந்தபோது, கை நீட்ட முதலில் ஒருவரும் வரவில்லை. டெய்ரிக்காரர் தேநீர் மேசைக்குப் பக்கத்தில் நின்று சத்தமாகக் கேட்டார்.

“மிஸி, உங்கட கட்சிக்காரரைக் கேட்டுச் சொல்லுங்கோ, என்ரை கண்ணாடியை ஆர் போட்டுத் தாறது?”

“எனக்குக் கட்சிலாம் இல்லண்ணே.”

“பின்னை என்னத்துக்குக் காலில விழுந்து கூப்பிட்டனீங்கள்? மாஸ்டர் எழுதியிருக்கிறார்தானே.”

தமிழ்நாட்டுக்காரர் ஒருவர், “விடுங்க சார், ஃபோட்டோ ஆசை யாருக்குத்தான் இல்ல” என்றார். சிலர் சிரித்தார்கள். மிஸி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சுகர் இல்லாத பிஸ்கட்டைத் தேடுவது மாதிரிப் பெட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கருவியின் பட்டையைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். “வர்றேன்” என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு வரவில்லை.

என் மனைவி மட்டும் அவரைப் பார்க்கப் போய்வந்தாள். வந்து கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னாள்.

“இஞ்சேருங்கோ, அந்த மனுசிக்குச் சனிக்கிழமையை விட்டால் வேற என்ன இருக்கு? வேலை முடிஞ்சு வந்தால் தமிழில ஒரு சொல்லுக் கதைக்க ஆளில்லை. மகளும் போனில இங்கிலீஸ். அதையும் நீங்கள் இல்லாமல் பண்ணிப்போட்டியள்.”

“நான் பொய் எழுதேல்லை.”

“அது எனக்குத் தெரியும். அதைப்பற்றி ஆர் கேட்டது?”

அதற்குப் பிறகு பல மாதங்கள் நான் ஒன்றும் செய்யவில்லை. மனைவியும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் மண்டபத்துக்கு என்னோடு வருவதை நிறுத்திக்கொண்டாள்.

பிரதமர் ஒரு நாள் பதவியை விட்டார். தொலைக்காட்சியில் அந்த அறிவிப்பை நானும் மனைவியும் பார்த்தோம். காருக்குள் கண்ட அந்தக் களைத்த முகம் அன்று ஒளிவுமறைவின்றி வெளியே தெரிந்தது. சில வாரங்கள் ஏச்சும் கேலியும் இருந்தன. பிறகு, எனக்கு வியப்பாக, பழைய பிரியம் சிறிது சிறிதாகத் திரும்பியது. புதிதாக வந்தவரோடு ஒப்பிடத் தொடங்கினார்கள். “என்ன இருந்தாலும் மனுசர் நல்லவர்” என்றார்கள். “அந்தச் சிரிப்புக்கே ஒரு இது இருந்திச்சு” என்றார் முன்பு ஃபோட்டோ ஆசை என்று சொன்ன அதே தமிழ்நாட்டுக்காரர். அதிகாரத்தில் இல்லாதவரிடம் அன்பு காட்டச் செலவில்லை.

வட்டத்தின் ஆண்டு விழா வந்தபோது தலைவர் என்னிடம் சொன்னார். “மாஸ்டர், அந்தப் படத்தை எடுத்து மாட்டுவம். எங்கட வரலாறுதானே. நீங்கள் பிரதமரைக் கூட்டிக்கொண்டு வந்ததைப் பற்றி விழாவில நாலு வார்த்தை சொல்லவும் வேணும்.”

அலமாரியைத் திறந்து படத்தை எடுத்தேன். வெட்டிய ஓரத்தில் மிஸியின் விரல்கள் இரண்டு தட்டைப் பிடித்தபடி மிஞ்சியிருந்தன. இத்தனை காலம் அதை நான் கவனிக்கவே இல்லை. இப்போது எழுந்து நின்று நாலு வார்த்தை சொன்னால் இதே தவறை மூன்றாவது தடவையும் செய்வேன் என்று தெரிந்தது. படத்தை மாட்டாமல் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் மிஸியின் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் என்னைக் கண்டதும், “வாங்க சார்” என்றார். அண்ணே போய்விட்டது. பசியாறியாயிற்றா என்றும் கேட்கவில்லை. உட்காரச் சொன்னார். நான் செய்தது எல்லாவற்றையும், தலைவரோடு கதைத்ததாகச் சொன்ன பொய்யையும், படத்தை வெட்டியதையும் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

“வெட்டினது தெரியும் சார்” என்றார். “மண்டபத்துல வாரா வாரம் பாத்தேனே.”

“ஏன் ஒண்டும் சொல்லேல்லை?”

“என்னான்னு சொல்றது? என் மூஞ்சியையும் சேத்து மாட்டுங்கன்னா? வெக்கமா இருக்காதா?” பிறகு, “ஒண்ணு தெரியுமா சார்? நான் அந்தக் கட்சிக்கு ஓட்டு போட்டதே இல்ல. எங்க வீட்டுக்காரர் இருக்கிறப்பவும் இல்ல, அப்புறமும் இல்ல” என்றார்.

நான் திகைத்துப் போனேன். “பின்னை ஏன் கூப்பிட்டனீங்கள்?”

“நாட்டுக்குப் பிரதமர். நம்ம பெரியவங்கள பார்க்க வந்தா அவங்களுக்குச் சந்தோசமா இருக்கும்னு கூப்பிட்டேன். அவ்ளோதான் லா. ஆள் யாரா இருந்தா என்ன?”

வட்டத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன் என்றேன். அவர் தோளைக் குலுக்கினார். “சொல்லுங்க. எனக்காகச் சொல்றதா நினைச்சுக்காதீங்க. நான் வருவேன்னும் நினைக்காதீங்க.”

அடுத்த சனிக்கிழமை நாட்டு நடப்பு நேரத்தில் எழுந்து நின்று சொன்னேன். எழுதி வாசிக்கவில்லை. அழைத்தவர் யார், பொன்னாடை யாருடையது, அதை நான் எப்படி வாங்கினேன், படத்தில் எதை வெட்டினேன், எப்போது உண்மை பேசினேன், ஏன் அப்போது பேசினேன் என்று வரிசையாகச் சொன்னேன். செயலாளர் பதவியையும் நாட்டு நடப்பையும் விட்டுவிடுவதாகச் சொல்லி உட்கார்ந்தேன்.

பிறகு ஒருவர், “விடுங்கோ மாஸ்டர், பழங்கதை. ஆர் இப்ப அதை நினைக்கினம்” என்றார். தலைவர் தேநீருக்கு நேரமாகிறது என்றார். அவர்களுக்குச் சங்கடமாக இருந்தது, சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருந்தது. டெய்ரிக்காரர் மட்டும் எழுந்து என்னிடம் வந்தார். அவர் குரல் அன்று பெரிதாக இல்லை.

“அப்ப அண்டைக்கு நான் அந்த மனுசியை ஏசேக்க நீங்கள் பக்கத்திலதானே நிண்டனீங்கள்?”

“ஓம்.”

“ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே மாஸ்டர். என்னை ஏன் கத்த விட்டனீங்கள்?”

அவர் தேநீர் குடிக்காமல் போய்விட்டார். அதன் பிறகு இன்றுவரை என்னோடு கதைப்பதில்லை. பாதையில் கண்டால் தலையசைப்பார்.

அவர் அன்றே மனைவியையும் கூட்டிக்கொண்டு மிஸியின் வீட்டுக்குப் போயிருக்கிறார். வாசலில் நின்றபடி, “என்ரை வாய்த்துடுக்கு, தங்கச்சி, மனசில ஒண்டுமில்லை” என்று சொல்லி அழுதாராம். மிஸி இருவருக்கும் சோறு போட்டு, அந்தப் பெண்ணின் கையைத் தடவிப் பார்த்து, எந்தப் பயிற்சி செய்ய வேண்டுமென்று காட்டினாராம். இதெல்லாம் என் மனைவி கேட்டுவந்து சொன்னது. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமை, “நானும் வாறன்” என்று செருப்பைப் போட்டாள்.

இரண்டு மூன்று வாரம் கழித்து மிஸி வந்தார். டெய்ரிக்காரரின் மனைவிதான் கையோடு கூட்டிவந்தாள். ஆளாளுக்குச் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். “இத்தனை நாள் எவ்ளோ உப்பு சாப்பிட்டீங்க, மெசின் கத்துது பாருங்க” என்று ஒருவரை ஏசினார். எல்லோரும் சிரித்தார்கள்.

தேநீர் நேரத்தில் அவர் பக்கத்தில் ஒரு கதிரை காலியாக இருந்தது. நான் கோப்பையோடு அங்கே போனேன். அவர் தன் கைப்பையைத் தூக்கி அந்தக் கதிரையில் வைத்தார்.

“ஆள் வருது சார்” என்றார். குரலில் கோபம் இல்லை.

நான் கதவோரம் என் மனைவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தேநீர் முடியும்வரை அந்தக் கதிரைக்கு ஒருவரும் வரவில்லை. மிஸி மற்றப் பக்கம் திரும்பி, தேர்தல் வரப்போகிறதாம், இந்த முறை யாருக்குப் போடுவது என்று டெய்ரிக்காரரோடு வாதாடிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் நல்ல சத்தமாகத்தான் பேசினார்கள்.